சர்பத் குடிக்காத மாப்பிள்ளை

எதைத் தின்னக் கூடாது என்று சொல்வதற்கு உலகத்தில் ஆள் பஞ்சமே இல்லை. எதைக் குடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள், அல்லது ஹராமானதைச் சொல்வார்கள். இந்த உண்மையை நான் எண்பதுகளின் தொடக்கத்தில், கலியாணம் முடித்த புதிதில் கண்டுபிடித்தேன். அதற்கு விலையாக என் மனைவியின் தங்கச்சிக்குரிய வயலொன்று போகப் பார்த்தது.

அரசாங்கக் கந்தோர்களிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இடமாற்றத்தை நிறுத்துவதற்கு என்ன நடைமுறை, செத்தவரின் பென்ஷனை மனைவியின் பெயருக்கு மாற்றுவதற்கு என்ன நடைமுறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு கிளாஸ் சர்பத்தை மறுப்பதற்கான நடைமுறை மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. (வந்திருந்தால் முதல் ஆளாகப் படித்துக் கையொப்பம் வைத்திருப்பேன்.)

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். நான் மருதமுனைக்காரன்; முடித்தது நிந்தவூரில். வந்து சேர்ந்த மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் கவனிக்கும் விதத்தை என்னவென்று சொல்ல? குர்பானுக்கு வளர்க்கும் மாட்டுக்குக்கூட அப்படித் தீனி கிடையாது. மாட்டுக்காவது ஹஜ்ஜுப் பெருநாளோடு ஒரு முடிவு உண்டு. எனக்கு அதுவும் இல்லை. கலியாணத்துக்குத் தைத்த கோட்டை அடுத்த பெருநாளுக்கு எடுத்துப் போட்டபோது, பொத்தானும் துளையும் தூரத்தில் நின்று ஒன்றுக்கொன்று ஸலாம் சொல்லிக்கொண்டன.

அப்போது கல்முனையில் எங்கள் கந்தோரில் இஸ்மத் என்றொருவன் இருந்தான். அகப்பைக் காம்புக்குச் சேர்ட் மாட்டியது போன்ற உடம்பு. பிறவியிலேயே மெலிந்தவனுக்கு மெலிவதைப் பற்றி என்ன தெரியும்? பாலைவனத்தில் பிறந்தவன் நீச்சல் படிப்பிக்கிற மாதிரித்தான். இந்த எளிய கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. சவூதியிலிருந்து வந்த அவனுடைய உறவுக்காரன் ஓர் ஆங்கில சஞ்சிகையைக் கொண்டுவந்திருந்தான். அதில் மெலிவதற்குப் புதிய வழி எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் காபோவைதரேற்று என்று பாடமாக்கினோமே, அந்த மாச்சத்தை அடியோடு விட்டுவிட வேண்டுமாம்.

"சோறு, மா, சீனி மூண்டையும் விட்டிரு மச்சான்," என்றான் இஸ்மத். "இறச்சி, மீன், முட்டை வகுறு முட்டத் தின்னு. உருகிப் போயிரும்."

"எது?"

"கொழுப்புத்தான்."

"ஆருட கொழுப்பு?"

"உண்டதான். எனக்கிட்ட எங்க இரிக்கி?"

சாப்பாட்டில் எனக்குப் பிரச்சினை இருக்கவில்லை. கடலும் மாட்டுப் பட்டியும் பக்கத்திலிருக்கும் ஊரில் இறைச்சியும் மீனும் தின்னச் சொல்வது தண்டனையா? சிக்கல் குடிப்பதில்தான் வந்தது. சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் எந்தப் பானத்தில் எவ்வளவு மாச்சத்து என்று ஓர் அட்டவணை. விஸ்கி: பூச்சியம். ஜின்: பூச்சியம். பழச்சாறு: ஆகாது. பால்: கவனம். இனிப்புப் பானங்கள்: கிட்டவும் போகாதே. ஆக, வெள்ளைக்காரனின் கணக்கில் ஹராமானதெல்லாம் உடம்புக்கு நல்லது, ஹலாலானதெல்லாம் கெடுதி.

"மேல உள்ள வரியெல்லாத்தையும் வெட்டிப்போட்டு மிச்சத்தப் பாரன்," என்றான் இஸ்மத், மனம் தளராமல்.

வெட்டிவிட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரும் சீனி போடாத பிளேன்டீயும் மிஞ்சின. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நிந்தவூரில் ஒரு புது மாப்பிள்ளை காலம் தள்ளலாம் என்று நம்பியவன் எவ்வளவு படித்த மடையனாக இருந்திருக்க வேண்டும்!

வீட்டில் இதை என் மனைவி சுபைதாவிடம் மட்டும் சொன்னேன். மற்றவர்களுக்கு மூச்சு விடக் கூடாது என்று கட்டளையும் போட்டேன். காரணம் இருந்தது. சீனி வேண்டாம் என்று வாய் திறந்தால், 'மாப்பிள்ளைக்குச் சீனி வருத்தமாம், மறைச்சுக் கட்டிப்போட்டாங்க' என்று அஸர் தொழுகைக்கு முன்னால் அட்டாளைச்சேனை வரைக்கும் கதை போய்விடும்.

சுபைதா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம பெரியம்மா ஊட்ட விருந்து. அங்க என்ன செய்யப் போறீங்க?"

"வேணாண்டு செல்லுவன்."

"இஞ்ச பாருங்க. எங்கட ஊர்ல புது மாப்புள விருந்து ஊட்ட குடிக்கக் குடுத்தத் தொடாம எழும்பினா அதுக்கு ஒரே கருத்துதான். சீதனத்துல குறையெண்டு முறுக்கிறார். வாயால கேக்க வெக்கம், அதான் குடிக்காமக் காட்டுறார்."

"உங்கட ஊர்ச் சட்டம் எந்த வர்த்தமானியில வந்திச்சு?" என்று கேட்டேன். என்ன ஒரு புத்திசாலித்தனமான பதில்! அதை நினைத்து அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் சிரித்த கடைசி நாள் அதுதான்.

பெரியம்மா என்று சுபைதா சொன்னது அவளுடைய உம்மாவின் மூத்த சகோதரியை. எனக்குப் பெரிய மாமி. அந்தக் குடும்பத்தில் நெல் விதைப்பதும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அவர் தலையசைத்த பிறகுதான் நடக்கும். ஆனால் அவர் மாப்பிள்ளைமார் முன்னால் வரமாட்டார். உள்வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று குரலால் ஆட்சி செய்வார். திரையின் ஓரத்தால் வளையல் போட்ட ஒரு கை வரும், பாத்திரம் வரும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு விருந்து. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடும் சஹன். இந்த ஏற்பாட்டில் அவரவர் முன்னாலுள்ள சோற்றையும் இறைச்சியையும் அவரவர் சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். நானோ சோற்றைத் தொடவில்லை. என் முன்னாலிருந்த இறைச்சி முடிந்ததும் என் கை தன்பாட்டில் பக்கத்து எல்லைக்குள் புகுந்தது. கடைசியில் என் பக்கத்தில் மட்டும் சோறு குளக்கட்டுப் போல உயர்ந்து நின்றது. என் மாமா, அதாவது சுபைதாவின் வாப்பா, தன் பங்கு இறைச்சி போன திசையைப் பார்த்துவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தார். வாயில்லாப் பூச்சி. வயலும் வரம்பும் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்.

கை கழுவி உட்கார்ந்ததும் திரை அசைந்தது. கசகசா மிதக்கும் சிவப்புச் சர்பத் வந்தது.

"குடிங்க மருமகன்," என்றது திரை.

"வேணா மாமி."

கிளாஸ் உள்ளே போனது. சிறிது நேரத்தில் இளநீர் வந்தது.

"அதும் வேணா மாமி."

"மருமகனுக்குக் குளிர் ஒத்துக்காது போல. தேத்தண்ணி போடுங்ககா!" பால் தேத்தண்ணி வந்தது. டின்பால் மணம் என் உயிரைப் பிடித்து இழுத்தது. அட்டவணையை நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கடைக்கு ஆள் போய் நிறச்சோடா வந்தது. மூடியைத் திறந்தபோது எழுந்த சத்தம் அந்த நிசப்தத்தில் வெடி மாதிரிக் கேட்டது. அதையும் மறுத்தேன்.

"மறுகா என்னதான் வேணும் மருமகன்?" திரையின் குரலில் இப்போது கொஞ்சம் பாறை கலந்திருந்தது.

"சீனி போடாத பிளேன்டீ ஒண்டு தாங்க மாமி."

உள்ளே யாரோ ஒரு பெண், "சீனியில்லாத தேத்தண்ணியா? இதென்ன மையித்து ஊடா?" என்றது தெளிவாகக் கேட்டது. சாவு வீட்டில்தான் சீனி போடாத தேத்தண்ணி கொடுப்பார்கள்.

"இல்லாட்டி பச்சத் தண்ணி போதும்," என்றேன், பெருந்தன்மையாக.

திரையோரத்திலிருந்த வளையல் கை உள்ளே போய்விட்டது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை பச்சைத் தண்ணீர் கேட்டால், 'உங்கள் வீட்டில் எனக்கு இதுதானே மரியாதை' என்று முகத்தில் அடிப்பதற்குச் சமம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. எல்லாமே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள். குசுகுசுப்புக் கேட்டது. திரும்பி வந்தவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருமகன், மோட்டச்சைக்கிள் ஓடத் தெரியுமா?"

கலியாணப் பேச்சுக் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் ஒருமுறை வந்து, என் வாப்பாவே 'அது வேணா' என்று சொல்லி விட்டுப்போன விசயம். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. மனிதர் பாவம், பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

"ஓம் மாமா, நல்லா ஓடுவன். கல்முனைக்குக் காத்துல சைக்கிள் மிதிக்கிறவனுக்குத்தான் அதுட அருமை விளங்கும்."

"என்ன நிறம் நல்லம்?"

"செவப்பு," என்றேன். அதோடு விட்டேனா? எந்தக் கம்பனியின் இயந்திரம் நீடித்து உழைக்கும் என்றும் விளக்கம் கொடுத்தேன். மாமா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். தூக்குமேடைக்குப் போகிறவன்கூட அவ்வளவு பணிவாகத் தலையாட்டமாட்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் எழும்பினால் வீட்டில் மாமாவைக் காணவில்லை. சுபைதாவின் தங்கச்சி நஸீமா குசினிக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சுபைதா என் முன்னால் வந்து நின்றாள்.

"உங்கட வகுறக் குறைக்க என்ட தங்கச்சிட வயல் போகப் போகுது. சந்தோசமா?"

"எந்த வயல்?"

"இறக்காமத்து வயல். நஸீமாக்கெண்டு வாப்பா வெச்சிருந்த ஒரே காணி. உங்களுக்குச் செவப்பு மோட்டச்சைக்கிள் எடுக்க அத விக்கப் போறாராம். வாங்கிற போடியார் இப்ப பெரியம்மா ஊட்ட வந்திருக்கார்."

பெண்ணுக்குக் காணி இல்லையென்றால் எங்கள் ஊர்களில் அவளுக்கு மாப்பிள்ளை இல்லை. இதற்கு எந்தச் சட்டப் புத்தகமும் தேவையில்லை. நஸீமாவின் மூக்குச் சிந்தல் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குச் சாரத்தை மடித்துக் கட்டவும் நேரமில்லை. சைக்கிளை எடுத்தேன். கொழுப்பு உருகுமென்றால் அந்த ஓட்டத்தில்தான் உருகியிருக்க வேண்டும்.

பெரிய மாமி வீட்டு மண்டபத்தில் மாமா கதிரை நுனியில் இருந்தார். எதிரே சம்மாந்துறைப் போடியார், ஏராளமான வயலும் அதைவிடப் பெரிய மீசையும் உள்ளவர். அவர் கையில் நிறைந்த சர்பத் கிளாஸ். அந்த வீட்டு வழமைகளில் இது ஒன்றுதான் எனக்கு முன்பே தெரியும்: கொடுக்கல் வாங்கலில் பேச்சு முடிந்த பிறகுதான் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்துக் கிளாஸை வைத்தால் வாக்கு முடிந்தது. பிறகு வானத்து மலக்குகள் இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது.

கிளாஸ் அவருடைய மீசையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நடைமுறை தெரிந்தவன் என்ன செய்திருப்பான்? ஸலாம் சொல்லியிருப்பான். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, மாமாவைத் தனியே அழைத்து, விசயத்தை விளக்கியிருப்பான். நான் பாய்ந்துபோய்ப் போடியாரின் கையிலிருந்த கிளாஸைப் பறித்து, ஒரே மூச்சில், கசகசாவோடு குடித்து முடித்தேன்.

போடியார் தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இவன்?"

"எங்கட மருமகன்," என்றார் மாமா, சாகும் குரலில்.

"மருமகனா? வந்த ஆளுட வாய்க்குள்ள இரிந்து புடுங்கிக் குடிக்கிறவனுக்கா மோட்டச்சைக்கிள்? முதல்ல இவனுக்குச் சோறு போடுங்க!" போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவரோடு வயலின் விலையும் வெளியேறியது. அல்ஹம்துலில்லாஹ்.

அப்போது நடக்காதது நடந்தது. திரை விலகி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பெரிய மாமியே வெளியில் வந்தார். நான் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய மனுசி.

"நேத்து ஏன் குடிக்கல்ல?"

வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னேன். "மெலியிறதுக்கு மாமி."

"மெலியவா?" பெரிய மாமி நெஞ்சில் கை வைத்தார். "நாங்க பாத்துப் பாத்துத் தீத்துறம், இவர் மெலியப் போறாராம்! மாப்புள மெலிஞ்சா ஊர் ஆரக் கேக்கும்? உங்களையா? எங்களத்தான். 'படிச்ச மாப்புளய எடுத்துப் பட்டினி போட்டாங்க' எண்டு செல்லும். மோட்டச்சைக்கிள் கேட்டிருந்தா மானத்தோட குடுத்திருப்பம். இது அதவிடக் கேவலமாக் கிடக்கே!"

"எனக்கு மோட்டச்சைக்கிள் வேணா மாமி. வயல விக்க வேணா. அது நஸீமாட."

"அப்ப நேத்து வேணாண்டு தள்ளினதெல்லாத்தையும் இப்ப இரிந்து குடிங்க. ஊடு முழுக்கப் பாக்கணும்."

குடித்தேன். இளநீர். பால் தேத்தண்ணி. நேற்றுத் திறந்து வைத்துக் காற்றுப் போன நிறச்சோடா. ஒவ்வொன்றுக்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு புதுக் கண் எட்டிப் பார்த்தது. பிளேன்டீயும் வந்தது, நான் கேட்டபடியே. ஆனால் கரண்டியை விட்டால் நட்டுக்கு நிற்குமளவு சீனி. மாமா பக்கத்திலிருந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேலியோரத்தில் நான் சைக்கிளை நிறுத்தி என்ன செய்தேன் என்பதை எழுத மாட்டேன். அட்டவணையில் அதற்கு இடமிருக்கவில்லை.

திங்கட்கிழமை இஸ்மத்திடம் சஞ்சிகையைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் என் வயிற்றைப் பார்த்து, "உருகத் தொடங்கிட்டு மச்சான்," என்றான். அறிவாளிகளின் கண்ணே தனி.

இப்போது எனக்கு உண்மையாகவே சீனி வருத்தம். இஸ்மத் விடச் சொன்ன அதே மூன்றையும் இன்று டொக்டரும் விடச் சொல்கிறார், காசும் எடுக்கிறார். விருந்து வீடுகளில் சீனியில்லாத பிளேன்டீ என்று வாயெடுத்தால் போதும், மண்டபத்தின் எந்த மூலையிலிருந்தும் நஸீமாவின் குரல் வந்துவிடும்: "என்ன மச்சான், இந்த முறை எந்த வயல்?" பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உருண்டு சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கதையே தெரியாது, சிரிக்க வேண்டிய இடம் மட்டும் தெரியும்.

நஸீமா அந்தக் காணியோடுதான் வாழ்க்கைப்பட்டாள். ஒவ்வொரு போகமும் வெட்டு முடிந்ததும் இறக்காமத்து வயல் அரிசியில் ஒரு மூட்டை என் வீட்டுக்கு வந்துவிடும். "மச்சான் சர்பத் குடிச்சுக் காப்பாத்தின அரிசி," என்று சொல்லித்தான் இறக்குவாள். டொக்டர் அதைத் தொடக் கூடாது என்கிறார். இந்தக் குடும்பத்தில் வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று டொக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பேசாமல் தின்கிறேன்.