ரிப்போர்ட் நைனாவின் சுல்தான்

ரிப்போர்ட் இல்லாமல் தன் சொந்த நாயைக்கூட நம்பாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில், எங்கள் தெருவில் இருக்கிறார். பள்ளிப்பட்டுவரை போய் விசைத்தறி ரிப்பேர் செய்வது தொழில். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் நைனா என்று சொன்னால் ஆட்டோக்காரர் அவர் வாசலிலேயே இறக்கிவிடுவார்.

அவரிடம் சுல்தான் என்றொரு லேப்ரடார். அது நடந்து போனால், மொட்டை போட வந்த பக்தர்கள்கூட மலையை மறந்து நின்று பார்ப்பார்கள். அதன் குட்டி ஒன்றைக் கையில் ஏந்த வேண்டுமென்று நைனாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பெண் நாயோடு யார் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"மரபணு டெஸ்ட் எடுத்துகினு வந்தீங்களா?"

"நாய்க்கா?" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆந்திர எல்லைவரை இருக்கிறார்கள். சுல்தானுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. இதற்குமேல் காத்திருக்க வேண்டாம் என்று கால்நடை மருத்துவரும் சொல்லிவிட்டார். நைனா அசையவில்லை.

டெஸ்டுக்குச் சரி என்று தலையாட்டிய முதல் ஆள் நான். என் ராணியும் லேப்ரடார்தான். பிறக்காத குட்டிகளைத் தருவதாக ஐந்து பேருக்கு வாக்குக் கொடுத்தும் விட்டேன், எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் உட்பட.

நைனா கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். ராணியின் கன்னத்துக்குள் சின்ன பிரஷால் தேய்த்து எச்சில் எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் அது எதுவும் தின்னக்கூடாது. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் என் மனைவி பாசத்தில் ஒரு பிஸ்கட் போட்டுவிட்டாள்.

"பரவால்லமா. இன்னொரு மணி நேரம் ஒக்காந்துகினு இருக்கேன்" என்றார். உட்கார்ந்தார். அடுத்த பிஸ்கட்டை ராணியே திருடிக்கொண்டது. மூன்றாவது மணி நேரமும் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தோம். பட்டினி கிடக்கிற நாய்க்கு எதிரில் குடிப்பது முறையில்லை என்று தொடவே இல்லை.

சில வாரங்களில் ரிப்போர்ட் வந்தது. நைனா தன் கைப்பேசியில் அதை இரண்டு முறை படித்தார்.

"சுல்தானுக்கு எடுத்த டெஸ்டுல வந்துச்சே, உள்ள ஒளிஞ்சிகினு இருக்கற கோளாறு, அதேதான் சார் ராணிகிட்டயும். இதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ரெண்டும் சேர்ந்தா, நாலுல ஒரு குட்டிக்குக் கண்ணு போவலாம். பொறக்கறப்போ தெரியாது. வளந்தப்புறம்தான் போவும்."

"மிச்சம் மூணு நல்லா இருக்குமில்ல நைனா? யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அஞ்சு பேருக்குச் சொல்லி வச்சிருக்கீங்க. அந்தக் குட்டிய யாருக்குக் குடுப்பீங்க சார்?"

ஐந்து பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். தலைமை ஆசிரியரிடம் வந்தபோது கொஞ்சம் யோசித்தேன், பொய் சொல்லக் கூடாது. அவருக்குக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

"தறியில பாவு நூல்ல ஒரு இழை தப்பா ஏறினா, நெசவு முடியற வரைக்கும் அந்தத் தப்பு கூடவே ஓடும் சார்" என்று சொல்லிவிட்டு, சுல்தானின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ளும் இன்னொரு ஆள் கிடைப்பதற்குள் சுல்தானுக்கு வயது கடந்துவிடும். அது தெரிந்தும் எட்டு வருட ஆசையை அந்த மனிதர் அப்படி ஒரே நிமிடத்தில் கைவிட்டதைப் பார்த்து நான் அசந்துபோனேன். கோயிலில்கூட எனக்கு அவ்வளவு பயபக்தி வந்ததில்லை.

பிறகு அவரே அலைந்து, கனகம்மாசத்திரத்தில் அந்தக் கோளாறு இல்லாத ஒரு கறுப்பு நாயை ராணிக்குத் தேடிப் பிடித்தார். ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்றுக்கும் கண் போகிற பயம் இல்லை. தலைமை ஆசிரியரைக் காக்க வைத்துவிட்டு முதல் குட்டியை நைனாவிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சுல்தானின் வயிற்றில் சாய்ந்து குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க சார்" என்றார் நைனா மெதுவாக. "தூங்கறதுகூட அப்படியே சுல்தானாட்டமே இல்ல?"

சுல்தான் சந்தன நிறம். குட்டி கன்னங்கரேல் என்று இருந்தது.

"ஆங், அச்சு அசல் சுல்தான்தான் நைனா" என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல என்னால் முடியவில்லை.