மாய்மாலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

சென்ற ஆண்டு தை மாத மூன்றாம் ஞாயிறு, பகல் ஒன்றேகால் மணிக்கு, என் தமிழறிவு எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாகத் தேவைப்பட்டது. அதன்பிறகு யாரும் அதைக் கேட்டதில்லை.

கடத்தூரில் எங்கள் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால், அதாவது பெண் வீட்டில் சாப்பிட்டால், சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் இல்லை. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது (ஜன்னல் திரை அசைந்த அசைவே சாட்சி).

அப்பா இரண்டு முறை சாப்பிட அழைத்தார்.

"வேணாங்க, இப்பத்தான் வூட்ல சாப்ட்டு வந்தோம்" என்று இரண்டு முறையும் மறுத்தார் மாப்பிள்ளையின் அம்மா.

இரண்டு முறை மறுத்து மூன்றாம் அழைப்புக்குச் சாப்பிட எழுவதே முறை. இடைவெளியை நிரப்ப அவர் என்னிடம் திரும்பினார்.

"தமிழ் எம்.ஏ. படிக்கிறியாமே கண்ணு. எங்க நாத்தனாரு எதுக்கெடுத்தாலும் மாய்மாலம் பண்றாங்க. மாய்மாலம்னா சரியா என்ன அர்த்தம்?"

"உள்ளத்தில் ஒன்றை வைத்து வெளியே வேறொன்றைக் காட்டுவதுங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எடுத்துக்காட்டில்லாத விளக்கம் குறையுடையது என்பது அக்காலத்தில் என் கொள்கை. "உதாரணமா, வயிறு பசிக்கும். சாப்ட்டாச்சுன்னு சொல்லுவாங்க. இன்னொருக்கா கூப்பிட மாட்டாங்களான்னு மனசுக்குள்ள இருக்கும்."



அப்பா மூன்றாம் முறை அழைத்தார். இனி சாப்பிட எழுந்தால், முன்பு மறுத்ததெல்லாம் மாய்மாலம் என்றாகிவிடும். "இல்லீங்க, நெசமாவே சாப்ட்டோம்" என்றார் அந்த அம்மா, வடை வாசனை வந்த திசையைப் பாராமல். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நல்லா வெளக்குன" என்று மட்டும் சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்பைநல்லூருக்குப் பேருந்து ஏறினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்பு, அவர்கள் வாசலில் மறந்துபோனது.

"தப்பு எம்மேலதாங்க. எங்கக்கா பாவங்க" என்றேன்.

தோசைக் கரண்டியோடு நின்ற அந்த அம்மா என்னையே பார்த்தார். "சாப்ட்டியா கண்ணு?"

"இப்பத்தாங்க சாப்ட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அவர் உள்ளே திரும்பினார். "ஏங்க, இங்க வாங்க. நேத்து சொன்ன உதாரணம் நம்ம வாசல்ல வந்து நிக்குது."

அக்கா மருமகளாகப் போன பிறகும் அந்த வீட்டில் என் பெயர் 'உதாரணம்'தான். அன்று அவர் சாப்பிட அழைத்தபோது, இரண்டாம் முறை அழைக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. கை கழுவிக்கொண்டு தட்டின்முன் உட்கார்ந்தேன்.