நூற்றெட்டு முறை மென்ற சோறு

சிவமயம்

சங்கரன்கோவில்,
8-6-1953

மதுரைக் காலேஜில் பயாலஜி போதிக்கும் மாப்பிள்ளை கைலாசநாதன் அவர்கள் சமூகத்துக்கு, மாமனார் சிவராமலிங்கம் எழுதிக்கொண்டது. கோமதியம்மன் அருளால் நானும் உங்கள் அத்தை காந்திமதியும் சுகம். தாங்களும் ஆனந்தவல்லியும் அங்கே சுகமென்று அறிய ஆவல். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாகக் கிடையாது. ஆகவே கீழே வருவதைத் தாங்கள் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு நீரிழிவு என்று கண்ட டாக்டர், என் சிறுநீரை நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார், செங்கல் நிறமானது, சர்க்கரை இருந்தால் அப்படி ஆகுமாம். சர்க்கரையை விடச் சொன்னார், விட்டேன். காபியில் இல்லை, பாயசம் இல்லை, கல்யாண வீட்டில் லட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துக் காய்ச்சினால் மறுபடியும் அதே செங்கல். கால் பெருவிரலில் செருப்பு கடித்த காயமும் மூன்று மாதமாக ஆறிக்கொண்டேதான் இருக்கிறது. இன்னொரு தடவை செங்கல் வந்தால் விரலைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார். விரல் என்னுடையது, யோசனை அவருக்கு எதற்கு? எனக்கு அந்த நீலத் தண்ணீர் மேல்தான் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்துத் தங்கள் கடிதம் வந்தது. சோறும் சர்க்கரைதான், உருத்திராட்ச மாலை மாதிரி சர்க்கரை மணிகளை வரிசையாகக் கோத்தது, வாயில் ஊறும் எச்சிலே அந்தக் கோவையை அறுக்கத் தொடங்கிவிடும், சந்தேகமிருந்தால் மாமா ஒரு கவளம் வெறுஞ்சோற்றை நூறு தடவை மென்று பார்க்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். வைக்கோலும் அதே மணிதான், ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகக் கோத்திருப்பதால் நம் வயிற்றுக்கு அவிழ்க்கத் தெரியாது, மாட்டு வயிற்றிலுள்ள கிருமிகளுக்குத் தெரியும் என்றும் எழுதினீர்கள். அத்தை அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடி சோறு, மிச்சமெல்லாம் கீரைத்தண்டும் வாழைத்தண்டும். "அவிழாததாப் பாத்துத் தின்னுங்க" என்கிறாள். தொழுவத்து மாடு என்னை உறவுக்காரனைப் போலப் பார்க்கிறது.

ஆனால் தாங்கள் சொன்னபடி மென்று பார்த்தேன், மாப்பிள்ளை. ஐம்பதில் லேசாக, எண்பதில் சந்தேகமில்லாமல் இனித்தது. மூன்று மாதம் காய்ந்த நாக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூஜையில் வைக்கும் நைவேத்தியச் சோற்றைக் காக்காய்க்குப் போடுவது என் பொறுப்பு. காக்காய்க்குக் கொஞ்சம் போட்டுவிட்டு, மீதியை வாயில் அடக்கி, எண்ணிக்கை தப்பாமலிருக்க உருத்திராட்சத்தை உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு நூற்றெட்டு வரை மெல்லுகிறேன். பார்க்கிறவர்கள் ஜபம் என்று நினைத்தால் நான் என்ன செய்ய? போன வாரம் பனவடலிசத்திரத்துச் செல்லப்பா வந்து நின்றான். "அண்ணாச்சி, எம் பொண்டாட்டிக்குத் தீராத தலைவலி, உங்க கையால துண்ணூறு தாங்க" என்றான். அப்போது எண்ணிக்கை எழுபத்து மூன்று. வாயைத் திறக்க வழியில்லை. பேசாமல் திருநீற்றை அள்ளிக் கொடுத்தேன். மௌன விரதம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான், தலைவலியும் போய்விட்டதாம். இப்போது தினமும் வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள்.

நேற்றிலிருந்து நைவேத்தியக் கிண்ணம் சிறுத்திருக்கிறது. அத்தைக்குச் சந்தேகம் தட்டிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே, சுவாமிக்குப் படைத்த சோறு சர்க்கரைக் கணக்கில் வராது, சயன்ஸில் அப்படியொரு விதி இருக்கிறது என்று தாங்கள் அவளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கடிதம் மட்டும் அவள் கண்ணில் படக் கூடாது. ஆடித் தபசுக்கு வாருங்கள், நாம் இரண்டு பேரும் நடந்தே போய்த் தரிசனம் செய்யலாம். மகளுக்கும் தங்களுக்கும் சகல பாக்கியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
சிவராமலிங்கம்

பின்குறிப்பு: கவர் ஒட்டச் சோறு கேட்டேன். அத்தை நாலே பருக்கை எண்ணிக் கொடுத்தாள். மூன்றைத் தின்றுவிட்டேன். ஒட்டியது போலத்தான் தெரிகிறது.

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுதேன். கவர் ஒட்டல, படிச்சிட்டேன். அவுக மெல்லுதது எனக்கு மொத நாளே தெரியும். சந்தோசமா இருக்காகளேன்னு விட்டுட்டேன், தப்பு எம்மேலதான். விரலை எடுத்தாகணும்னு டாக்டர் நேத்து எங்கிட்டச் சொல்லிட்டாரு. அவுகளுக்கு இன்னும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆனந்தவல்லியைக் கூட்டிக்கிட்டு வாங்க. நீங்கதான் சொல்லணும். மாப்பிள்ளை சொன்னா அவுக மறுத்துப் பேச மாட்டாக.