மாமா கொடுத்த பீரோ இப்போது சுவர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய தமிழ்வாணி அத்தைக்கு,

உங்கள் நாத்தனார் மகள் இசைவாணி வணங்கி எழுதுவது. நாங்கள் நால்வரும் இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. அதற்கு முன்னால் ஒரு சத்தியம் செய்யுங்கள் அத்தை. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. தைக்கத் துணி கொடுக்க வருகிறவர்களிடம் காட்டக் கூடாது. மாமாவிடம் காட்டவே கூடாது. படித்தவுடன் கிழித்து, உங்கள் தையல் கடையில் இருக்கும் வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் போட்டுவிடுங்கள். போனில் சொல்ல வழியில்லை. வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று எங்கள் வீட்டுப் போன்கள் எல்லாம் இப்போது ஹாலில் ஒரு பிரம்புக் கூடைக்குள் கிடக்கின்றன. பேச வேண்டுமானால் கூடைக்குள் தலையை விட்டுத்தான் பேச வேண்டும், அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிடும். அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வாசனை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இந்த வீட்டில் கதவு இருக்கிற இடம் இது ஒன்றுதான்.

மற்றக் கதவுகள் எங்கே போயின என்று கேட்பீர்கள். எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கத்தில் ‘அழகும் வசதியும் நிறைந்த இல்லம்’ என்று ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு காலை நடுவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். அதற்காக அம்மா, உள் அலங்காரம் படித்த ராம்கி அண்ணனைக் கூட்டிவந்தார். அவர் வந்த அன்றே ஹால் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, “அக்கா, இந்த வீடு மூச்சு விடத் திணறுதுக்கா” என்றார். “ஃபேனைப் போடு பாண்டியம்மா, தம்பிக்கு ஒரு மாதிரியா வருது போல” என்று அப்பா எழுந்தார். மறுநாளே கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். வெளிச்சமும் காற்றும் தடையில்லாமல் ஓட வேண்டுமாம். இதுவரை அப்பாவின் குறட்டை மட்டும்தான் அப்படி ஓடுகிறது.

பிறகு நிறம். அறுபது பங்கு ஓட்ஸ் கஞ்சி நிறம், முப்பது பங்கு மணல் நிறம், மீதிப் பத்துப் பங்குதான் அடர்ந்த நிறமாக இருக்கலாம் என்று ராம்கி அண்ணன் சொல்லிவிட்டார். அப்பாவின் கண்டக்டர் காக்கி மணல் கணக்கில் சேர்ந்துவிட்டதால் அவர் சீருடையோடு ஹாலில் உட்காரலாம், கட்டம் போட்ட லுங்கியோடு உட்காரக் கூடாது. ஆகவே விடுமுறை நாளிலும் அப்பா பித்தான் எல்லாம் போட்டு, விறைப்பாக உட்கார்ந்து பேப்பரைச் சும்மா விரித்துப் பிடித்திருக்கிறார். பால் ஊற்ற வருகிறவர் தினமும் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, வண்டி எப்ப எடுப்பீக?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். என் சீருடை நீலம், தம்பி முகேஷின் பை சிவப்பு. இரண்டும் சேர்ந்தால் பத்துப் பங்கைத் தாண்டிவிடும் என்பதால், ஒருவர் ஹாலைக் கடக்கும்வரை மற்றவர் வாசற்படியில் நிற்கிறோம். டிவி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜாடியில் காய்ந்த கிளை இருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் பார்வை போய் நிற்க ஒரு பொருள் வேண்டுமாம். “எங்க பேரையூர்ல இதை வெட்டி அடுப்புலதான் வப்போம்” என்ற அப்பாவின் பார்வை அங்கே போய் நின்றதுதான், மாலை முழுக்கத் திரும்பவில்லை.

பொருட்களை ஒற்றைப்படையில் வைத்தால்தான் கண்ணுக்கு இதமாம். குவளை மூன்று, திண்டு ஐந்து என்று எல்லாம் அடுக்கி முடித்து, கடைசியில் எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார் ராம்கி அண்ணன். “நாலு பேரு. அதுதான்க்கா இடிக்குது” என்றார். “நான் வேணா ஞாயித்துக்கிழமை டூட்டிக்குப் போயிர்றேன் தம்பி” என்றார் அப்பா. அவர் அவ்வளவு ஆசையாக வேலைக்குப் போகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அடுக்களையில் எல்லாப் பொடிகளையும் ஒரே மாதிரி ஜாடிகளில் கொட்டி, பெயர் ஒட்டினால் அழகு கெடும் என்று ஒட்டாமல் விட்டதில், நேற்று முன்தினம் சாம்பாரில் மல்லித்தூளுக்குப் பதில் சீயக்காய் விழுந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் மெதுவாக, “ருசியெல்லாம் குறையில்ல. நுரைதான் கொஞ்சம் சாஸ்தி” என்றார். அதையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம் அத்தை. வசதியாக வாழ ஏற்ற வீடு என்று பரிசு வாங்க வேண்டுமானால், உள்ளே யாரும் வாழ்ந்த அடையாளம் இருக்கக் கூடாதே.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது பீரோவை நினைத்துத்தான். அம்மா கல்யாணத்துக்கு மாமா கன்றுக்குட்டியை விற்று வாங்கிக் கொடுத்தாரே, அரக்கு நிறத்தில், கண்ணாடியும் மயில் படமும் போட்டு, ‘தங்கைக்கு அண்ணன் சோலையின் அன்பளிப்பு, உசிலம்பட்டி’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதி, அதே பீரோ. அதைப் பார்த்ததும் ராம்கி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். “அக்கா, இது ரூமுக்குள்ள நின்னு கத்துது!” வெளியே எடுத்துப் போட்டுவிடலாம் என்றால், ஹால் வாசலைக் குறுக்கி வளைவு கட்டி முடித்தாகிவிட்டது, பீரோ அதில் நுழையாது. நாலு பேர் பிடித்து அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். முதுகு அசிங்கமாக இருந்தது என்று பலகை அடித்தார்கள். பலகை வெறுமையாக இருந்தது என்று மேலே சொரசொரப்பாகப் பூசினார்கள். இப்போது அது அலங்காரச் சுவர். வருகிறவர்கள் தடவிப் பார்த்து, “குளுகுளுன்னு இருக்கே” என்கிறார்கள்.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கும் முன்பே நேராக அறைக்குள் போய், பீரோவைத் தட்டிப் பார்த்து, அந்தக் கண்ணாடியில் மீசையை ஒதுக்கிக்கொண்டுதான் உட்காருவார். சமயநல்லூர்ப் பெரியம்மா, மாமா கொடுத்த சுவர்க்கடிகாரத்தை மாட்டுக்கொட்டகையில் மாட்டியதற்காக அவர்களோடு பேச்சை விட்டவர் மாமா. இன்னும் பேசவில்லை. அந்த வழியாகப் பஸ்ஸில் போனால்கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார். கடிகாரத்துக்கே அப்படி என்றால் பீரோவுக்கு என்ன ஆகும்? மாமாவுக்காக அம்மாவும் பெரியம்மாவோடு பேச்சை விட்டதால், அம்மாவுக்கு உடன்பிறந்தவர் என்று பேச்சுவார்த்தையில் இருப்பது மாமா ஒருவர்தான். அந்த மாமா இதே ஞாயிற்றுக்கிழமை, தலைமாட்டில் மயில் செதுக்கி, மயிலின் கண்ணில் பல்பு எரிகிற கட்டிலோடு வாரேன் என்று அப்பாவிடம் பஸ்ஸிலேயே சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா அந்தச் சுவர்ப்பக்கமே போகவில்லை.

எப்படியாவது மாமாவை வர விடாதீர்கள் அத்தை. ஞாயிறு காலை உங்களுக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளுங்கள். உங்களை அப்படி விட்டுவிட்டு மாமா எங்கும் நகர மாட்டார். கொஞ்சம் சத்தமாகவே முனகுங்கள். உசிலம்பட்டிக்கு வண்டி வரும்போது உங்கள் கடையில் கொடுக்கச் சொல்லி, கடிதத்தை அப்பாவின் டிக்கெட் பையில் போட்டு அனுப்புகிறேன். அவர் படிக்க மாட்டார், அவர் கண்ணாடியும் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதீர்கள், கடிதம் வந்தது தெரிந்துவிடும். உங்கள் வயிற்றுக்கு ஒன்றும் வராமல் மீனாட்சி காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கதவுள்ள ஒரே அறையிலிருந்து,
உங்கள் இசைவாணி

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியது அத்தனையும் வேண்டாம். வயிற்றுவலி வேண்டவே வேண்டாம். இப்போது வெளியே டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. கதவை விரலளவு திறந்து பார்த்தேன். அம்மா பீரோச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, அலங்காரச் சுவரில் காதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நடுவர்கள் வரும்போது கட்ட வைத்திருந்த பட்டுச்சேலை உள்ளே இருக்கிறது. சேலைக்காகத்தான் என்று நினைத்தேன். ஆனால் அம்மா சுவரோடு பேசினார். “அண்ணே, கோவிச்சுக்கிராதண்ணே. நீ எம்புட்டு ஆசையாத் தூக்கியாந்து வச்ச” என்று சொல்லி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாமா வரட்டும் அத்தை. சனிக்கிழமையே வரட்டும், கட்டிலோடு ஒரு கடப்பாரையும் கொண்டுவரட்டும். பீரோ எங்கே என்று வழியில் கேட்டால், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

“ஏய் இசை, உள்ள மதினிக்குத்தான லெட்டர் எழுதுற? கதவே இல்லாத வீட்டுல என்னடி ரகசியம்? வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதுனா எனக்குக் கேக்காதா? கடப்பாரைன்னு எழுதிட்டியா? ஒன்னு பத்தாது, ரெண்டுன்னு எழுது. ஒன்னு எனக்கு.”

எழுதிவிட்டேன் அத்தை. கதவைத் தி