லக்ஷிகாவைக் கூட்டிப்போவது சம்பந்தமாக

மடுல்சீமை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய லூசியா அக்காவுக்கு, தம்பி சிங்கராயர் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் மகளும் சுகம், கூரைதான் சுகமில்லை. வெலிமடையில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். லக்ஷிகாவை உங்கள் வீட்டில் வைத்து, அங்குள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போங்கள். நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு இங்கே ஒரு சிநேகிதிகூடக் கிடையாது. இத்தனைக்கும் அவள் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் கோளாறே. மழைக்காலத்தில் பிள்ளைகள் காலில் அட்டையோடு வருவது உங்களுக்குத் தெரியும், நாமும் அப்படித்தானே வந்தோம். ஊரே உப்பைப் போட்டுக் கொல்லும். இவள் ஒவ்வொன்றாக இலையால் எடுத்து, 'அதுவும் பசிக்குத்தானே ரத்தம் குடிக்குது' என்று பென்சில் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள், இடைவேளையில் ஓடையில் கொண்டுபோய் விடுவதற்கு. பெட்டிக்கு மூடி சரியில்லை. அன்றைக்கென்று கல்விக் கந்தோரிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு ஐயா வெள்ளைக் காற்சட்டையோடு வந்து இவள் பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து இவள் பெயரே அட்டை. பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. 'பெஞ்சு முழுக்க எனக்குத்தான் அப்பா, பைய வைக்க நல்ல எடம் இருக்கு' என்கிறாள். இதைக் கேட்டு நான் சிரிப்பேனா அழுவேனா, சொல்லுங்கள்.

சரி, விளையாட்டிலாவது சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்றால், அதிலும் வினை. தேயிலைக்குள் ஒளிந்து விளையாடும்போது இவள்தான் தேட வேண்டும். விதுஷா என்ற பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டு, 'பாவம், எவ்வளவு ஆசையா ஒளிஞ்சிருக்கு' என்று யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை மணி அடித்தது தெரியாமல் மத்தியானம் வரை தேயிலைக்குள்ளேயே குந்தியிருந்திருக்கிறது. அதோடு விளையாட்டும் போச்சு. பிறகு டீச்சர், வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த மகராசி தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு நின்றிருக்கிறாள். அன்று தப்பித்த பிள்ளைகளே இவளை 'லூசு' என்று சிரித்தார்களாம். 'எல்லாரும் சந்தோசமா சிரிச்சாங்க அப்பா' என்று வந்து சொல்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல அக்கா? கொஞ்சம் கெட்ட புத்தி சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், ஏறவில்லை. அம்மாக்காரி பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, அவள் குவைத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கோ தலை வாரிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தராவது இவளோடு பேச மாட்டார்களா?

நேற்று இவளிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினாள். என்னைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஃபெக்டரியில் வேலை இருக்கு, வீட்டில் ரேடியோ இருக்கு. பேச்சுத்துணைக்கு எனக்கு யாரும் தேவையில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலியை மாதா பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி சிங்கராயர்

பி.கு: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கீழே கடை வைத்திருக்கிற புஹாரி நானா வந்து கதிரையில் உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். 'நேத்து ஒங்க மக கடைக்கு வந்துச்சு தம்பி. நான் வெலிமடைக்குப் போன பொறகு அப்பாவுக்குப் பேச ஆளில்ல, சாயந்தரத்துல வந்து கொஞ்ச நேரம் இருங்கன்னு கேட்டுச்சு. அதான் இப்பவே பழகிக்குவோம்னு வந்தேன்' என்றார். அவரிடம் போவதற்கு முன்னால் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். அப்பா கோபக்காரர் என்று எல்லாரும் மாட்டேன் என்றுவிட்டார்களாம். எனக்கு ஒரு ஆளைத் தேடிப் பதினொரு கதவைத் தட்டியிருக்கிறாள் அக்கா. அவளுக்கு ஒரு ஆளைத் தேடி நான் ஒரு கதவையும் தட்டவில்லை, உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு வேலை விட்டதும் பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்துப் போகிறேன். ஏசினால் நின்று கேட்டுக்கொள்வேன். கதவைச் சாத்தினால் அடுத்த வீடு.