கரையாத கற்கண்டு

என் பரிசத்தன்று பெண் வீட்டார் அத்தனை பேரையும் கல்லைச் சப்ப வைத்தவன் நான். இதை இத்தனை வருடம் மற்றவர்கள்தான் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது நானே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அதோடு என் படிப்பு முடிந்தது. பிறகு மலாயாவின் புக்கிட் பாருவில் ஒரு துரையின் பங்களாவில் வேலை. ஈயச் சுரங்கங்களில் கிடைக்கும் கற்களை ஆராய்வது துரையின் தொழில். அவற்றைத் துடைப்பது என் தொழில். கத்தியால் வெட்டியதுபோல் சதுரம் சதுரமாகப் பளபளக்கும் காரீயக்கல், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, உள்ளங்கையளவே இருந்தும் இரும்புக் குண்டாய்க் கனக்கும் கறுப்புத் தகரக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஓர் அறை. கற்கள் என்னை ஒன்றும் கேட்காது. அதனால் எனக்கு அவற்றை மிகவும் பிடித்தது. (மனிதர்கள் 'சாப்பிட்டாயா' என்று கேட்டாலே எனக்குக் காது சிவந்துவிடும்.)

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை கப்பல் ஏற ஓடினார். ஓடும் முன் பெட்டியை என் கையில் கொடுத்து, "பத்திரமாக வை. வந்து கேட்பேன்" என்றார். என் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

அப்புறம் மரவள்ளிக்கிழங்குக் காலம். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. இந்த லட்சணத்தில்தான் அக்காள் எனக்குக் காஜா பேராங்கில் பெண் பார்த்தாள். பெயர் கமலம். பெண் பார்க்கப் போன அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது நாங்கள் வாசலைத் தாண்டும் முன்பே அவளுடைய தாய்மாமா கேட்டது காதில் விழுந்தது: "மாப்பிள்ளை ஊமையாலா?" (அந்த 'லா' எங்கள் பக்கத்துப் பேச்சின் வால்.) அத்தான் கூச்ச சுபாவம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். மாமா அரைமனதோடுதான் பரிசத்துக்கு நாள் குறித்தார். அன்றும் ஏதாவது கோளாறு நடந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கோ, தலை நிமிராமலே கமலத்தின் பாதங்களை மட்டும் பார்த்து வந்ததில் மூன்று நாள் தூக்கமில்லை.

பரிசத்துக்கு முதல் நாள் அக்காள் குண்டைப் போட்டாள்.

"தம்பி, கல்கண்டு இல்லாத தட்டைத் தூக்கிக்கிட்டு நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன். எங்கேயாவது தேடிக் கொண்டா."

ஜாலான் துக்காங் எமாஸ் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் எட்டிப் பார்த்தேன். ஒரு கடைக்காரர், "சீனியையே கண்ணால பாத்து நாளாச்சு, இவருக்குக் கல்கண்டு வேணுமாம்" என்று தன் எடுபிடியிடம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்தேன். படுத்தவனுக்குக் கட்டிலுக்கடியில் இருப்பது ஞாபகம் வந்தது.

பெட்டியின் ஓர் அறை நிறையச் சுண்டுவிரல் நுனியளவில் பளிங்குக் கற்கள் இருந்தன. தண்ணீரை வெட்டி வைத்தது போன்ற தெளிவு. அதே அறையில் வெள்ளைப் புஷ்பராகம் ஒன்றும் இருந்தது. மற்றவற்றுக்கு ஆறு பக்கம், கூர் நுனி. இதற்கு நான்கே பக்கம், மேலே மெல்லிய கோடுகள். எல்லாவற்றையும் பித்தளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். சத்தியமாகக் கற்கண்டு!

என் திட்டம் எளிமையானது. இந்தப் பஞ்சத்தில் பெண் வீட்டார் கற்கண்டைத் தொட மாட்டார்கள். கல்யாணத்துக்காகக் கட்டி வைப்பார்கள். அதற்குள் எங்காவது நல்ல கற்கண்டு வாங்கி மாற்றிவிடலாம். அக்காள் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். "துரை வீட்டுது" என்றேன். (பொய் இல்லையே!)

மறுநாள் தட்டை இறக்கி வைத்து அக்காள் கையை எடுப்பதற்குள் மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கல்கண்டு! எத்தனை நாளாச்சு! எல்லாரும் எடுங்கலா, எடுங்க!"

தட்டு சுற்றி வந்தது. நான் எழுந்து நிறுத்தியிருக்க வேண்டும். எழ முயன்றேன். கால் வரவில்லை, நாக்கும் வரவில்லை. கூடம் முழுக்கக் கல் பல்லில் இடிக்கும் கடக் கடக் ஓசை. நாக்குக்குச் சீனி மறந்துவிட்டதோ என்று ஒவ்வொருவருக்கும் தன்மேலேயே சந்தேகம்.

"லேசா இனிக்குதுல்ல?" என்றார் கோணிச் சாக்கில் தைத்த சட்டை போட்டிருந்த பெண்ணின் அப்பா.

"சண்டைக்கு முந்தின சரக்கு. அப்படிச் சீக்கிரம் கரையாது. குளுகுளுன்னு இருக்கு பாருங்க" என்றார் மாமா.

பக்கத்துச் செட்டி வீட்டு அம்மாள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; தமிழ் வராது. மரியாதை மிக வரும். "மானிஸ், மானிஸ்" என்று இனிப்பைப் புகழ்ந்து தலையாட்டினார்.

கமலம் நமஸ்காரம் செய்ய வந்தாள். அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாயில் போட்டவள் உடனே வெளியே எடுத்தாள். முந்தானையில் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மாமா, இதுக்கு ஆறு பக்கம் இருக்கு. நுனி கூரா இருக்கு."

"உனக்கு ருசி மறந்து போச்சு. பேசாம சப்பு."

கமலம் சப்பவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் சும்மா தொங்கிய அரிக்கன் விளக்கின் கண்ணாடியில் அந்தக் 'கற்கண்டால்' ஓர் இழுப்பு இழுத்தாள். கிரீச்! கண்ணாடியில் வெள்ளையாய் ஒரு கீறல்.

மாமா திடுக்கிட்டு மடக்கென்று விழுங்கிவிட்டார்.

"தம்பி, என்னாடா இது?" என்றாள் அக்காள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சபையில் எழுந்து நின்று கத்தினேன்:

"யாரும் விழுங்கிடாதீங்க! துரை வந்து கேப்பாரு!"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்பும் போய் நின்றேன். ஒவ்வொருவராகத் துப்பினார்கள். செட்டி வீட்டு அம்மாள் துப்பும்போதும் புன்னகை செய்தார். முடிந்ததும் தரையில் உட்கார்ந்து கற்களைப் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் ஆறு பக்கம்.

"மாமா, உங்களுது நாலு பக்கமா, ஆறு பக்கமா?"

"எண்ணிப் பாத்தா மனுசன் வாயில போடுவான்?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்லைக் குடுத்து ஏமாத்துற பயலுக்குப் பொண்ணு கிடையாது. தட்டை எடுங்க!"

அக்காள் அழ ஆரம்பித்தாள். நான் தரையிலிருந்து எழவில்லை. கமலம் எதிரே வந்து குந்தினாள்.

"இதுல ஒவ்வொண்ணும் உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் கல்லின் வயிற்றில் ஒரு நீர்க்குமிழி இருப்பதை, அந்தக் கல்லுக்கு இரண்டு முனையும் கூராக இருப்பதை, பெட்டியிலுள்ள காரீயக்கல் உடைந்தால் ஒவ்வொரு துண்டும் சதுரமாகவே விழுவதை, தகரக்கல்லின் கனத்தை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நிமிர்ந்தபோது கூடமே கேட்டுக்கொண்டிருந்தது. நான் முதல் முதலாகக் கமலத்தின் முகத்தையும் பார்த்துவிட்டேன்.

"ஊமை இல்ல மாமா," என்றாள் அவள். "அதுதானே உங்க கவலை?"

மாமா ஒரு தடவை வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு துண்டை விரித்து மறுபடி உட்கார்ந்தார்.

சண்டை முடிந்து துரை திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. பளிங்கு எங்கும் கிடைக்கும்; அந்த மாதிரி முழுசான வெள்ளைப் புஷ்பராகம் மலாயாவில் அவர் கண்டது அது ஒன்றுதான் என்றார். இதை மாமாவிடம் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

இப்போதும் கல்யாண வீட்டில் கற்கண்டுத் தட்டு வந்தால் எங்கள் வரிசையில் யாரும் தொட மாட்டார்கள். கமலம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். மாமா மட்டும் தட்டைத் தள்ளிவிடுவார்.

"எனக்கு வேணாம்லா. அன்னிக்குச் சாப்பிட்டதே இன்னும் கரையல."