பத்தொன்பது பேருக்கு ஒரு முனியாண்டி

என் கணவரை எனக்கு உடன்பிறந்த அண்ணனாக்கிய பெருமை என்னையே சேரும். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அப்போது நான் தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் புதுக் கிராணி. கம்ப்யூட்டரை நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவள் (அந்தத் திமிர் வேறு). தொழிலாளர் விவரங்களைப் பழைய புரோகிராமிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். அதில் வரும் குடும்பப் பட்டியலின்படிதான் புது வீடுகள். மாமியார் வீட்டு ஒற்றை அறையில் இருந்த எங்களுக்கும் ஒன்று கிடைக்கும். கோலாலம்பூரிலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்றார் தோட்ட மேனேஜர் துரை. எதற்கு, நான் இருக்கிறேன் என்றேன்.

பழையதில் தலைப்பே இல்லாமல் வெறும் எண்களாக ஒரு பத்தி இருந்தது. குப்பை என்று விட்டுவிட்டேன். புதியது குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது அது? அப்பா பெயரைக் கொடுத்தேன்.

காலையில் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன் (நானே, பசை தடவி). கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பார்வதி அக்கா படித்துப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் முனியாண்டி என்ற பெயருள்ள அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பேரின் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே குடும்பமாகியிருந்தார்கள்.

“ஏம்மா கிராணி, பத்தொம்பது பேரும் ஒரே வீட்ல எப்பிடிமா படுக்கிறது? அடுக்கி வச்சாலும் பத்தாது லா.”

என் அப்பா பக்கத்து ஊர் கம்போங் ராஜாவின் முனியாண்டி. மாமனார் இந்தத் தோட்டத்து முனியாண்டி. ஆக, நானும் என் கணவர் சேகரும் அண்ணன் தங்கை. தனி வீடு கிடையாது. பட்டியலோ அன்று மாலையே தலைமை ஆபீசுக்குப் போக வேண்டும்.

“பழைய கிராணி குடும்பத்துக்கு ஒரு நம்பர் போட்டு வச்சிருந்தாரே. எங்களுது நாப்பத்திரெண்டு. நீ பாக்கலையா?” என்றார் அக்கா.

என் குப்பைப் பத்தி!

ஓடினேன். நல்லவேளை, பழைய கம்ப்யூட்டரை இன்னும் யாரும் தூக்கிப் போடவில்லை. அந்த எண்களோடு எல்லாவற்றையும் மறுபடி மாற்றி, தராசுப் பக்கம் நின்று உரக்க வாசித்தேன். கூடையோடு நின்ற பெண்கள் குடும்பம் குடும்பமாகத் தலையாட்டினார்கள். போன மாதம் வந்த மருமகளைக்கூட விடாமல் சேர்க்க வைத்தார்கள். மாலையில் துரை தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பிழை அகப்படவில்லை. கோலாலம்பூர் ஆள் வேண்டாம் என்றார். நான் அலட்டிக்கொள்ளவே இல்லை (லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரு சுற்று நடந்து வந்ததைக் கணக்கில் எடுக்காவிட்டால்).

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று, அத்தனை பேர் முன்னாலும் சேகர் சொன்னார்: “வா தங்கச்சி, நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அதே வீட்டில்தான் எங்கள் மகள் பிறந்தாள். என்னிடம் திட்டு வாங்கினால் இன்றும் அவள் அப்பாவிடம் போய்த்தான் முறையிடுகிறாள், “மாமா, ஒங்க தங்கச்சிய என்னான்னு கேளுங்க” என்று.